கணப்புக்குப் பின்னால் ஒரு பாய்லர்

இங்கிலாந்தில் பழைய வீடு ஒன்றை வாங்கியவர்களும், அப்படிப்பட்ட வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களும் ஒரு சின்னத் தேடலைச் செய்து பாருங்கள். ரேடியேட்டர் சூடாகிறது, குழாயில் வெந்நீர் வருகிறது. ஆனால் பாய்லர் எங்கே? சமையலறைச் சுவரில் இல்லை. பரணில் இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொந்திலும் இல்லை. கடைசியில் பார்த்தால், வரவேற்பறையில் வெறும் கேஸ் கணப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோமே, அதற்குப் பின்னால், புகைபோக்கியின் அடிவயிற்றில் ஒரு வார்ப்பிரும்புப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதுதான் பேக் பாய்லர்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. லண்டனின் மேற்குப் புறநகரில், 1930-களில் கட்டிய செமி. நாங்கள் நான்கு பேர், கூட அம்மா. முந்தைய உரிமையாளர் விட்டுப்போன பாய்லர் அது. அவர் போட்டபோதே எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது. அதை மாற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்ததால் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது இதுதான்: பேக் பாய்லர் தனியாக நிற்கும் ஒரு பெட்டி இல்லை. புகைபோக்கி, வரவேற்பறைக் காற்று, பரண் தொட்டி, மாடி சிலிண்டர், கேஸ் குழாய் எல்லாம் அதோடு கோத்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றை உருவினால் மற்ற ஐந்தும் அசையும். எங்கள் தொழிலில் முப்பது வருடப் பழைய மென்பொருளைக் கழற்றும்போது வரும் தலைவலி மாதிரியேதான். எந்த மூலையில் எது இதை நம்பிக்கொண்டிருக்கிறது என்று எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

முதலில் இந்தப் பெட்டி அங்கே எப்படிப் போனது என்று பார்த்துவிடுவோம்.

நிலக்கரி எரித்த காலத்தில் கணப்பின் வெப்பத்தில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாக வானத்துக்குத்தான் போனது. அதில் கொஞ்சத்தையாவது பிடிக்கலாமே என்று தீக்குப் பின்புறம் ஒரு தண்ணீர்ப் பெட்டியை வைத்தார்கள். நம் ஊர்க் கொடியடுப்பு ஞாபகம் வருகிறதா? பெரிய அடுப்பில் எரிகிற தீயின் மிச்சச் சூட்டில் பக்கத்து அடுப்பில் வெந்நீர் காய்ந்துகொண்டிருக்கும். அதே புத்திதான் இதுவும். சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், ஆறின தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கீழே கணப்பு, மாடியில் செம்பு சிலிண்டர், இரண்டுக்கும் நடுவே 28 மில்லிமீட்டர் தடித்த இரண்டு குழாய்கள். தண்ணீர் தானாகச் சுற்றும்.

1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப்புகை பல ஆயிரம் பேரைக் கொன்றது. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நகரங்களில் புகை விடும் நிலக்கரிக்குக் கட்டுப்பாடு விழுந்தது. 1965-ல் வடகடலில் இயற்கை எரிவாயு கிடைத்தது, 1967-ல் அது கரைக்கு வந்தது. அதற்கு முன் நகரக் குழாய்களில் ஓடியது பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து தயாரித்த கேஸ். 1967 முதல் 1977 வரை பத்து வருடத்தில் நாடு முழுக்க வீடு வீடாகப் போய் ஒவ்வொரு அடுப்பின் பர்னரையும் புதிய எரிவாயுவுக்கு ஏற்ப மாற்றினார்கள். யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. இத்தனை பெரிய மாற்றத்தை இன்றைக்கு யாராவது முன்மொழிந்தால் கூட்டம் போட்டே பத்து வருடம் ஓட்டிவிடுவோம்.

மலிவாக கேஸ் வந்ததும் எல்லாருக்கும் வீடு முழுக்க ரேடியேட்டர் வேண்டும் என்ற ஆசை வந்தது. ஆனால் சின்ன வீடு, குறுகலான சமையலறை. பாய்லரை எங்கே வைப்பது? பதில் கண்ணெதிரே இருந்தது. நிலக்கரிக் கணப்பு காலியாகக் கிடக்கிறது, புகைபோக்கி தயாராக நிற்கிறது. நிலக்கரியை எடுத்துவிட்டு அந்தக் குழிக்குள்ளேயே கேஸ் பாய்லரைத் தள்ளி, முன்னால் அழகுக்கும் குளிருக்குமாக ஒரு கேஸ் கணப்பை மாட்டிவிட்டார்கள். பாக்ஸியின் பெர்முடா, குளோ-வோர்ம் போன்ற பெயர்கள் அந்தக் காலத்து வீடுகளில் எங்கும் இருந்தன. கௌன்சில் வீடுகளில் வரிசை வரிசையாக இதே ஏற்பாடு.

பழசு என்பதற்காக இதைக் கிண்டல் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே மின்னணுப் பலகை கிடையாது. விசிறி கிடையாது. கனத்த வார்ப்பிரும்பு, கீழே ஒரு பர்னர், எந்நேரமும் எரியும் ஒரு சின்னப் பைலட் சுடர், ஒரு கேஸ் வால்வு, ஒரு தெர்மோஸ்டாட். அவ்வளவுதான். கெட்டுப்போக ஏதாவது இருந்தால்தானே கெட்டுப்போகும்! முப்பது நாற்பது வருடம் ஓடிய பெட்டிகள் நிறைய உண்டு. இன்றைய பாய்லர் பதினைந்து வருடம் ஓடினால் தட்டிக்கொடுக்கிறோம்.

அப்புறம் ஏன் மாற்ற வேண்டும்? ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்தணும்?

செலவுக் கணக்கைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். பழைய பேக் பாய்லர் நாம் கொடுக்கும் எரிவாயுவில் 65 முதல் 70 சதவீதத்தை வீட்டுக்குள் தரும், மீதி புகைபோக்கிக்கு. புதிய கண்டென்சிங் பாய்லர் 90 சதவீதம் வரை தரும். ஒரு வீட்டுக்கு வருடத்துக்கு 12,000 யூனிட் வெப்பம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி). 68 சதவீதத்தில் அதற்கு 17,650 யூனிட் கேஸ் எரிக்கணும். 90 சதவீதத்தில் 13,330 போதும். யூனிட் 6 பென்ஸ் என்று போட்டால் வருடத்துக்கு சுமார் 260 பவுண்டு மிச்சம். நல்ல தொகைதான். ஆனால் மாற்றும் செலவு ஆயிரக்கணக்கில். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் "இன்னும் ரெண்டு வருஷம் ஓடட்டும்" என்று தள்ளிப்போடத் தோன்றும்.

என்னைத் தள்ளிப்போட விடாதது காற்று.

பேக் பாய்லர் எரிவதற்கான காற்றை வரவேற்பறையிலிருந்தே எடுக்கிறது. எரிந்த புகை, சூடாக இருக்கிறது என்ற ஒரே பலத்தில், புகைபோக்கி வழியாக மேலே போகிறது. தள்ளிவிட விசிறி இல்லை. காற்று போதாவிட்டால் எரிவாயு முழுக்க எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். புகைபோக்கி அடைத்திருந்தால், அல்லது அறைக்குள் காற்றழுத்தம் குறைந்தால், அது மேலே போகாமல் அறைக்கே திரும்பும். நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி. காய்ச்சல் இல்லாத ஃப்ளூ மாதிரி இருக்கும். வெளியே போனால் சரியாகும், வீட்டுக்கு வந்தால் மறுபடி தொடங்கும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இப்படி இருந்தால் பாராசிட்டமால் தேடாதீர்கள். கேஸை மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்து, எல்லாரையும் வெளியே கூட்டிப்போய், உதவிக்குக் கூப்பிடுங்கள்.

பேக் பாய்லர் மாட்டின 1970-களில் வீடு ஓட்டை ஒடிசலாக இருந்தது. மர ஜன்னல் இடுக்கு, பலகைத் தரை, கதவுக்கடி என்று எங்கும் காற்று வரும். பிறகு வந்தவர்கள் இரட்டைக் கண்ணாடி போட்டார்கள், தரையில் லாமினேட் விரித்தார்கள், சுவரில் இருந்த காற்றுத் துளை வழியாகக் குளிர் வருகிறதென்று துணியை அடைத்தார்கள். ஒவ்வொன்றும் நல்ல நோக்கத்தில் செய்ததுதான். எல்லாம் சேர்ந்து பாய்லரின் மூக்கைப் பிடித்துவிட்டன.

இதில் நம் வீடுகளுக்கென்று ஒரு கூடுதல் விஷயம் உண்டு, இதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் யாரும் நமக்காகச் சொல்லப்போவதில்லை. தாளிக்கிற வாசனை, மிளகாய் வறுக்கிற நெடி வெளியே போகணுமே என்று நாம் சமையலறையில் நல்ல பலமான எக்ஸ்ட்ராக்டர் விசிறியாகப் பார்த்து மாட்டுவோம். அது ஒரு மணி நேரத்தில் பல நூறு கனமீட்டர் காற்றை வெளியே தள்ளும். தள்ளிய காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் எல்லாம் இறுக்கமாக மூடியிருந்தால், இருப்பதிலேயே சுலபமான வழி எது? புகைபோக்கி. மேலே போகவேண்டிய புகையை விசிறி கீழே இழுக்கும். அதனால்தான் கேஸ் சோதனை செய்யும் பொறியாளர், புகை திரும்புகிறதா என்று பார்க்கும்போது கதவு ஜன்னல்களை மூடச் சொல்லி, எக்ஸ்ட்ராக்டரை ஓடவிட்டுத்தான் பார்க்கணும். உங்கள் வீட்டுக்கு வந்தவர் அதைப் போடாமலே சோதித்தால், "இதையும் ஓடவிட்டுப் பாருங்க" என்று நீங்களே சொல்லுங்கள். இன்றைக்கு மாற்றவில்லை என்றாலும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி அதே அறையில் வைத்துவிடுங்கள். ஒரு வாரத்துக் காய்கறி விலைதான் ஆகும்.

புதிய பாய்லர்களில் இந்தப் பிரச்சினை அடிப்படையிலேயே தீர்ந்துவிட்டது. அவை காற்றை வெளியிலிருந்து ஒரு குழாய் வழியாக எடுத்து, புகையையும் விசிறி வைத்து வெளியே தள்ளுகின்றன. அறைக் காற்றுக்கும் தீக்கும் தொடர்பே இல்லை.

சரி, அதே இடத்தில் புதிய பேக் பாய்லர் ஒன்றை வைக்கலாமே என்றால், பெரும்பாலும் முடியாது. 2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கேஸ் பாய்லரை மாற்றினால் கண்டென்சிங் வகைதான் வைக்கணும் என்று கட்டட விதி வந்தது. மிகச் சில வீடுகளுக்கே விலக்கு. கண்டென்சிங் வகையிலும் பேக் பாய்லர் ஒன்று கொஞ்ச காலம் சந்தையில் இருந்தது, பிறகு நின்றுவிட்டது. ஆக, பாய்லர் கணப்பை விட்டு வெளியேறி வேறு இடத்துக்குப் போகிறது. வேலையில் பாதி இந்த இடமாற்றம்தான்.

கண்டென்சிங் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் 90 சதவீதம் என்று அட்டையில் போட்டிருப்பது தானாகக் கிடைப்பதில்லை. மீத்தேன் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் உண்டாகும். ஒரு கனமீட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர். அது ஆவியாக இருக்கிறது. இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடுகிறதல்லவா? ஆவி தண்ணீராக மாறும்போது தனக்குள் வைத்திருந்த வெப்பத்தை விட்டுவிடுவதால்தான். எரிவாயுவின் மொத்த வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படி ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. பழைய பாய்லர் அதை அப்படியே வானத்துக்கு விட்டது. புதியது புகையைக் குளிர்வித்து, ஆவியைத் தண்ணீராக்கி, அந்த வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. (சில ஐரோப்பிய விளம்பரங்களில் திறன் நூறு சதவீதத்துக்கு மேல் என்று போட்டிருப்பார்கள். ஆவியின் வெப்பத்தைக் கீழ்க்கணக்கில் சேர்க்காமல் மேல்கணக்கில் மட்டும் சேர்த்தால் அப்படித்தான் வரும்.)

ஆனால் ஆவி தண்ணீராக மாற, புகை சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரணும். அதைக் குளிர்விப்பது எது? ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டு பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர். அந்தத் தண்ணீரே 60 டிகிரியில் திரும்பினால் ஒரு சொட்டும் குளிராது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கண்டென்சிங் பாய்லர், கண்டென்ஸ் ஆகாமலேயே காலம் தள்ளும். இந்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பாய்லரைப் பொருத்திவிட்டு வெளியேறும் தண்ணீரை 75, 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வீடு சூடாகிறது, யாரும் புகார் சொல்வதில்லை, அதனால் அந்தத் திருகை யாரும் தொடுவதுமில்லை.

பழைய பேக் பாய்லர் வீடுகளுக்கு இதில் ஒரு எதிர்பாராத லாபம் இருக்கிறது. அந்தக் காலத்து ரேடியேட்டர்களை, 82 டிகிரியில் போய் 71 டிகிரியில் திரும்பும் தண்ணீருக்காக அளவெடுத்தார்கள். அதுவும் ஒற்றைக் கண்ணாடி, காலியான சுவர் இடைவெளி, மூடாத பரண் இருந்த வீட்டுக்காக. இப்போது தண்ணீரை 55-ல் அனுப்பி 45-ல் திரும்பவிட்டால் அதே ரேடியேட்டர் பழைய வெப்பத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும். ஆனால் இரட்டைக் கண்ணாடியும் பரணில் கம்பளி விரிப்பும் வந்தபின் வீட்டின் தேவையும் வெகுவாகக் குறைந்திருக்கும். பல வீடுகளில் குளிர்காலத்தின் பெரும்பகுதிக்கு அது போதும். கடுங்குளிர் வாரத்தில் மட்டும் கூட்டிக்கொள்ளலாம். புதிய பாய்லர் வந்தபின் ஒவ்வொரு வாரமும் ஐந்து டிகிரி குறைத்துப் பாருங்கள். வீட்டில் யாராவது ஸ்வெட்டர் தேடினால் ஒரு படி ஏற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்தப் பரிசோதனையைப் பழைய பெட்டியில் செய்யாதீர்கள். புகையிலிருந்து உண்டாகும் தண்ணீர் அமிலத்தன்மை உள்ளது. புதிய பாய்லர் அதற்கென்றே செய்தது. பழைய வார்ப்பிரும்பை அது அரித்துவிடும்.

அந்த அமிலத் தண்ணீரை வெளியேற்ற ஒரு பிளாஸ்டிக் குழாய் வேண்டும், கூடியமட்டும் வீட்டுக்குள்ளேயே ஓடி சாக்கடைக் குழாயில் சேர்வது நல்லது. 2010 டிசம்பர் குளிரில் வெளிச்சுவரில் ஓடிய இந்தக் குழாய்கள் உறைந்துபோய் நாடு முழுக்க ஏராளமான பாய்லர்கள் நின்றுபோயின. வெளியே ஓடியே ஆகணும் என்றால் 32 மில்லிமீட்டர் தடிமனும் மேலே உறையும் கேளுங்கள்.

கேஸ் குழாய் விஷயத்தில் பொறியாளர்கள் சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். பெர்முடா மாடல்களின் பெயரில் இருக்கும் 45 என்ற எண், மணிக்கு 45,000 பிடியு என்பதைச் சொல்கிறது. அதாவது 13 கிலோவாட். இன்று சாதாரணமாக மாட்டும் காம்பி 30 கிலோவாட். திறன் வித்தியாசத்தைக் கழித்தாலும் முழு வேகத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கேஸ் வேண்டும். கேஸ் மீட்டரில் 21 மில்லிபார் அழுத்தம் என்றால், பாய்லர் வரைக்கும் போவதற்குள் ஒரு மில்லிபாருக்கு மேல் குறையக் கூடாது. கணப்புக்கு வந்த பழைய 15 மில்லிமீட்டர் குழாயை நீட்டி வேலையை முடிக்கப் பார்த்தால் இந்தக் கணக்கு இடிக்கும். பெரும்பாலும் மீட்டரிலிருந்தே 22 மில்லிமீட்டர் குழாய் புதிதாக இழுக்கணும், தரையைப் பெயர்க்கணும். எங்களுக்கு விலை சொல்ல வந்தவர்களில் ஒருவர் மீட்டர் இருக்கும் அலமாரியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மிகக் குறைந்த விலை அவருடையதுதான்!

தண்ணீர் அழுத்தமும் மாறும். பழைய ஏற்பாட்டில் பரணில் ஒரு சின்னத் தொட்டி இருக்கும், அதன் உயரம்தான் அழுத்தம். தரைத்தளத்து ரேடியேட்டருக்கு அரை பார் வந்தால் அதிகம். புதிய பாய்லரைப் பெரும்பாலும் மூடிய சுற்றாகப் பொருத்துகிறார்கள், ஒன்று முதல் ஒன்றரை பார் வரை. நாற்பது வருடம் அரை பாரில் சுகமாக இருந்த இணைப்பு, மூன்று மடங்கு அழுத்தத்தில் எங்காவது கசியும். அது பாய்லரின் குற்றமல்ல. ஆனால் சிமெண்ட் தரைக்கடியில் குழாய் ஓடுகிற வீடு என்றால் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. கூடவே, பழைய ரேடியேட்டர்களின் அடியில் கருப்பு இரும்புச் சேறு படிந்திருக்கும். அதைக் கழுவாமல் புதிய பாய்லரைச் சேர்த்தால் அதன் குறுகலான வெப்பமாற்றி அடைத்துப்போகும். கழுவுவதும், திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி மாட்டுவதும் விலைச்சீட்டில் எழுத்தில் இருக்கட்டும்.

இனி பெரிய கேள்வி. மாடியில் இருக்கும் செம்பு சிலிண்டர் இருக்கணுமா, போகணுமா?

வருகிறவர்கள் எல்லாரும் "காம்பி போட்டுடலாம் சார், சிலிண்டரைத் தூக்கிடலாம், அலமாரி மிச்சம்" என்பார்கள். காம்பி என்பது வெந்நீரைச் சேமிக்காமல் அப்போதைக்கப்போது காய்ச்சித் தருவது. அதன் வரம்பு எளிய கணக்கு. குளிர்ந்த தண்ணீரை 35 டிகிரி உயர்த்தணும் என்றால் 24 கிலோவாட் காம்பி நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தரும், 30 கிலோவாட் பன்னிரண்டு லிட்டர். ஒரு ஷவருக்கு தாராளம். ஒரே நேரத்தில் இரண்டு ஷவர் என்றால் இரண்டு பேரும் கத்துவார்கள். அதுவும் தெருக்குழாயிலிருந்து நிமிடத்துக்கு அவ்வளவு தண்ணீர் வந்தால்தான். ஒரு வாளியும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு சமையலறைக் குழாயை முழுக்கத் திறந்து நீங்களே அளந்து பார்க்கலாம். (எங்கள் வீட்டில் சிக்கனமாகக் குளிப்பது அம்மாதான். ஒரு வாளி, ஒரு சொம்பு, இருபது லிட்டரில் முடிந்துவிடும். பிள்ளைகள் எட்டு நிமிட ஷவரில் எண்பது லிட்டர் விடுகிறார்கள்.)

இரண்டு பேர் இருக்கும் சின்ன ஃப்ளாட்டுக்குக் காம்பி சரியான தேர்வுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஐந்து பேர், இரண்டு குளியலறை இருக்கும் குடும்ப வீட்டில் சிலிண்டரை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள் என்பேன். பாய்லர் ஒருநாள் நின்றாலும் சிலிண்டரில் இருக்கும் மின் இம்மெர்ஷன் ஹீட்டர் குளிக்க வெந்நீர் தரும். கூரையில் சோலார் பலகை போட்டால் மிஞ்சும் மின்சாரத்தை அதில் கொட்டி வைக்கலாம். எல்லாவற்றையும்விட, அடுத்து வரப்போவது ஹீட் பம்ப். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய கேஸ் பாய்லரை எடுத்துவிட்டுக் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் வைத்தால் இப்போது 7,500 பவுண்டு மானியம் இருக்கிறது. அதற்கு வெந்நீர்ச் சிலிண்டர் கட்டாயம் வேண்டும். பழைய சிலிண்டரே அதற்குப் போதாது, பெரிய சுருள் உள்ள வேறு ஒன்று வேண்டியிருக்கும், உண்மைதான். ஆனால் அலமாரியும் குழாய்களும் அங்கே இருக்கின்றனவே. சிலிண்டரைத் தூக்கி அந்த இடத்தைத் துணி அலமாரியாக்கி, ஷவருக்குக் குழாயையும் மாற்றிவிட்ட வீட்டுக்காரர், பன்னிரண்டு வருடம் கழித்து ஹீட் பம்ப் வைக்க வரும்போது "எங்கே சார் வைக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் தேடணும். நாங்கள் பாய்லரைச் சமையலறைச் சுவருக்குக் கொண்டுபோனோம், சிலிண்டரைப் புதுப்பித்து அதே இடத்தில் வைத்தோம், ரேடியேட்டர்களுக்கும் சிலிண்டருக்கும் தனித்தனி மோட்டார் வால்வு போட்டோம். காம்பியைவிடச் செலவு கூடத்தான்.

பாய்லர் போனபின் மிஞ்சும் பள்ளத்தையும் கவனிக்கணும். பல பேக் பாய்லர் வீடுகளில் வரவேற்பறையில் ரேடியேட்டரே இருக்காது, முன்னால் இருக்கும் கேஸ் கணப்புதான் அந்த அறைக்குச் சூடு. பாய்லரோடு அதுவும் போகும். இதை விலைச்சீட்டில் யாரும் எழுதமாட்டார்கள், நவம்பரில்தான் ஞாபகம் வரும். பழைய அலகின் கயிற்று அடைப்பிலும் பலகைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், இழுத்துப் பிய்க்கும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். கணப்புத் துவாரத்தை அடைத்தால் ஒரு சின்னக் காற்றுச் சல்லடை விடுங்கள், மேலே புகைபோக்கிக்கு மழை புகாத, காற்று போகும் மூடி போடுங்கள். இரண்டு பக்கமும் இறுக மூடினால் உள்ளே ஈரம் தேங்கி மாடிச் சுவரில் பழுப்புக் கறையாக வெளிவரும்.

கேஸுக்கு முந்தைய நிலக்கரிப் பேக் பாய்லர் உள்ள வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்லணும். புதிய பாய்லர் வந்தபின் பழைய தண்ணீர்ப் பெட்டியைக் கணப்புக்குள்ளேயே விட்டுவிட்டு, குழாய் முனைகளை மட்டும் வெட்டி அடைத்துவிட்டுப் போன வீடுகள் உண்டு. வருடங்கள் கழித்து வேறு யாரோ வீட்டை வாங்கி, குளிருக்கு இதமாக அதே கணப்பில் விறகு எரிக்கிறார்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தால் அது ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் விரியும். வெளியேற வழி இல்லை. வார்ப்பிரும்பு குண்டு மாதிரி வெடிக்கும். பிரிட்டனின் பாதுகாப்பு அமைப்பான ஹெல்த் அண்டு சேஃப்டி எக்ஸிக்யூட்டிவ் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. பழைய வீட்டின் திறந்த கணப்பில் முதல்முறை தீ மூட்டுவதற்கு முன், அதன் பின்சுவரில் இரும்புப் பெட்டி ஏதாவது இருக்கிறதா, குழாய் முனைகள் எங்கே போகின்றன என்று தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். இருந்தால், எடுத்துவிடுவதுதான் சரி.

காகித வேலை சுருக்கமாக. கேஸ் இணைப்பைத் தொட கேஸ் சேஃப் பதிவு உள்ளவருக்கு மட்டுமே அனுமதி. 2009 ஏப்ரலில் கோர்கி பதிவுக்குப் பதிலாக வந்தது இது. அட்டையின் பின்பக்கம் அவருக்கு எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று இருக்கும், திருப்பிப் பாருங்கள். வேலை முடிந்ததும் 30 நாளுக்குள் அவர் பதிவு செய்யணும், பிறகு கட்டட விதிச் சான்றிதழ் உங்களுக்குத் தபாலில் வரும். வீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் வக்கீல் கேட்கும் முதல் தாள்களில் இதுவும் ஒன்று.

வரவேற்பறைச் சுவரில் பாய்லருக்காகப் போட்டிருந்த காற்றுத் துளையை இனி மூடலாமா என்று கேட்பீர்கள். அந்த அறைக் காற்றை நம்பி எரிகிற வேறு எதுவும் இல்லை என்று அதே பொறியாளர் பார்த்துச் சொன்னால் மூடலாம். எங்கள் வீட்டில் மூடிவிட்டோம். அலாரத்தை மட்டும் கணப்பு அலமாரியிலிருந்து எடுத்து, புதிய பாய்லர் இருக்கும் சமையலறையில் மாட்டியிருக்கிறது.